பெட்ரோல் வந்த வழி

பழைய பிக்கப் வண்டி ஒன்று பாதி வழியில் நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரர் முதலில் சந்தேகிப்பது எஞ்சினை. பட்டறைக்காரர் சந்தேகிப்பது கார்புரேட்டரை. ஆனால் அநேக சமயங்களில் குற்றம் இவ்விரண்டிலும் இருப்பதில்லை. தொட்டியில் உள்ள பெட்ரோல் எஞ்சினைச் சென்று சேரும் வழியில் எங்கோ ஓரிடத்தில் தடை ஏற்பட்டிருக்கிறது. பத்துப் பதினைந்து அடிக்கு மேற்படாத அந்த வழியைச் செம்மைப்படுத்துவதற்கு மோட்டார்த் தொழிலுக்கு ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தியவர்கள் விட்டுச்சென்ற குறை ஒன்றைத் தீர்த்தது. தீர்க்கும்போதே புதிய குறை ஒன்றையும் உண்டாக்கிவிட்டது. ஆகையால் அந்த வழியின் சரித்திரத்தை அறிந்தவருக்குப் பழுதைத் தேடவேண்டிய இடமும் தெரிந்துவிடுகிறது.

தமிழ் பேசும் நம்மவரில் எத்தனையோ பேர் வெளிமாநிலங்களில் வண்டியோட்டியும் பட்டறை வைத்தும் வாழ்கின்றனர். அவர்களுக்கு இவ்விஷயம் அன்றாடத் தொழில். கையேடுகளைத் தமிழாக்கும் உத்தியோகத்தில் இருக்கும் என்போன்றோருக்கோ, கையேட்டில் இல்லாத ஒன்றைத் தேடும் முயற்சி. கையேடு பழுதுகளை வரிசையாகச் சொல்லுகிறது. அவை ஏன் உண்டாயின என்று சொல்வதில்லை. அந்த 'ஏன்' என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மோட்டார் உலகின் ஆரம்பகால எரிபொருள் பழுதுகளில் ஒன்றைச் சரிசெய்தவர் ஒரு பெண்மணி. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே அவர் அமைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டியில் தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலுள்ள போர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். வழியில் எரிபொருள் தீர்ந்தது; வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் அதை வாங்கி ஊற்றிக்கொண்டார். குழாயில் அடைப்பு ஏற்பட்டது. தொப்பியில் செருகும் ஊசியால் குத்தி அதை நீக்கினார். 'தொட்டியில் இருக்கிறதா? குழாயில் வருகிறதா?' என்னும் இவ்விரண்டு கேள்விகளே இன்றளவும் எரிபொருள் பழுதைத் தேடுவோரின் முதல் இரண்டு கேள்விகளாக இருக்கின்றன.

அந்த வண்டியில் காற்று பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிச் சென்று அதன் ஆவியை எடுத்துக்கொண்டது. 1893-ல் வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியரும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஸ் சோங்கா என்னும் இருவரும் வேறொரு முறையைக் கண்டனர். நுண்ணிய துளை வழியே பெட்ரோலைத் தூவலாகப் பாயவிட்டுக் காற்றுடன் கலக்கச் செய்வதே அம்முறை. குறுகலான வழியில் செல்லும் காற்று வேகம் பெறுகிறது. அங்கே அதன் அழுத்தம் குறைகிறது. இதை இத்தாலியரான வெந்தூரி 1797-ல் எழுதி வைத்திருந்தார். கொசுமருந்து தெளிக்கும் கைப்பம்ப்பில் மருந்து மேலேறி வருவதும் இதே தத்துவத்தினால்தான். கார்புரேட்டரின் உயிர் இந்தத் துளையில் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஊசிமுனை அகலமுள்ள துளையை அடைக்க ஒரு துகள் துரு போதும். வடிகட்டி என்னும் உறுப்பு அவசியமானது இக்காரணத்தால்தான்.

இனி பிக்கப் வண்டியின் கதைக்கு வருவோம். 1908-ல் ஹென்றி போர்டின் கம்பெனி 'மாடல் டி' வண்டியை வெளியிட்டது. 1927-ல் உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் தயாராயின. அமெரிக்கக் குடியானவர்கள் அதன் பின்பாகத்தில் மரப்பெட்டி பொருத்தித் தானியமும் காய்கறியும் ஏற்றிச் சென்றனர். பிறகு 1925-ல் கம்பெனியே பெட்டியைப் பொருத்தி, 'பிக்கப்' என்னும் பெயரால் 281 டாலருக்கு விற்கத் தொடங்கியது.

அந்த வண்டியில் பெட்ரோலுக்குப் பம்ப்பு கிடையாது. தொட்டி இருக்கைக்கு அடியில் இருந்தது. கார்புரேட்டர் அதைவிடத் தாழ்வாக எஞ்சினின் பக்கத்தில் இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல் பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கியது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிய, இருக்கை மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, அளவு குறித்த குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். இது எளிய ஏற்பாடு. எளிமையினாலேயே நம்பத்தக்க ஏற்பாடு. ஆயினும் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் முன்பாகம் உயரும்போது கார்புரேட்டரும் உயர்ந்துவிடும். தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் அது முன்னே செல்லாது, எஞ்சின் நின்றுவிடும். அனுபவசாலிகள் வண்டியைத் திருப்பி, பின்புறமாகவே மலையேறினார்கள்.

இக்காலத்துப் பழுது ஒன்று இன்றுவரை பழைய வண்டிகளைத் தொடர்ந்து வருகிறது. எண்ணெய் டின்னில் ஒரே துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விட்டுவிட்டுச் சொட்டும். எதிர்ப்புறத்தில் இரண்டாவது துளையிட்டால் தாராளமாக ஊற்றும். சமையலறையில் எல்லோரும் அறிந்த இந்த உண்மை பெட்ரோல் தொட்டிக்கும் பொருந்தும். தொட்டி மூடியில் உள்ள சிறு காற்றுத் துளை தூசியால் அடைபட்டால், பெட்ரோல் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு வரவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வண்டி சில மைல் நன்றாக ஓடும். பிறகு இருமி நிற்கும். பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே கிளம்பும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டால் பழுது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். 1970-71 முதல் அமெரிக்காவில் பெட்ரோல் ஆவி வெளியேறுவதைத் தடுக்கும் விதிகள் வந்தபின், காற்றுக்கு வேறு வழி அமைத்து மூடியை இறுக்கமாகச் செய்தனர். அத்தகைய புதிய மூடியை அதற்கு முந்திய வண்டிக்குப் போட்டுவிட்டு, பம்ப்பையும் கார்புரேட்டரையும் மாற்றிச் செலவழித்தவர் பலர்.

தொட்டியை உயரத்தில் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் ஓட்டுபவருக்கு நல்லதன்று. 1928-ல் வந்த போர்டு 'மாடல் ஏ' வண்டியில் தொட்டி முன்கண்ணாடிக்குக் கீழே, ஏறக்குறைய ஓட்டுபவரின் முழங்காலுக்கு நேரே இருந்தது. பெட்ரோலைப் பின்னால் தாழ்வான இடத்தில் வைத்து முன்னால் கொண்டுவருவது எப்படி என்பதே அக்காலத்துக் கேள்வி.

அதற்கு முதலில் கிடைத்த விடை வெற்றிடத் தொட்டி. அமெரிக்காவில் ஸ்டூவர்ட்-வார்னர் கம்பெனியாரும், பிரிட்டனில் 'ஆட்டோவாக்' என்னும் பெயரிலும் இதனை விற்றனர். எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு, பின்னாலுள்ள பெட்ரோலை எஞ்சினுக்கு அருகே உயரத்திலிருந்த சிறு தொட்டிக்கு உறிஞ்சி, அங்கிருந்து எடையால் இறங்கவிட்டனர். இதில் ஒரு வினோதம் உண்டு. நீண்ட ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்தும்போது அந்த வெற்றிடம் மிகவும் குறைந்துவிடும். பெட்ரோல் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அதை இழுக்கும் சக்தி இல்லாமற் போயிற்று. ஓட்டுபவர் இடையிடையே காலைச் சற்று எடுத்து, வெற்றிடம் திரும்ப இடங்கொடுக்க வேண்டியதாயிற்று.

1920-களின் இறுதியில் நிலையான விடை வந்தது. அதுவே இயந்திரத்தால் இயங்கும் டயாபிரம் பம்ப்பு. ஆல்பர்ட் சாம்பியன் என்பவரின் முதலெழுத்துக்களைத் தாங்கிய, ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த 'ஏ.சி.' கம்பெனியின் பம்ப்புகள் பலதரப்பட்ட வண்டிகளில் இடம்பெற்றன. எஞ்சினின் கேம் ஒரு நெம்புகோலை அசைக்கிறது. நெம்புகோல் ரப்பரூட்டிய துணியாலான டயாபிரத்தைக் கீழே இழுக்கிறது. பெட்ரோல் உள்ளே வருகிறது. பிறகு ஒரு சுருள்வில் டயாபிரத்தை மேலே தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. கார்புரேட்டர்க் கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழுந்து ஊசியால் வாயிலை மூடிவிடும். அப்போது டயாபிரம் கீழேயே தங்கிவிட, நெம்புகோல் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கேட்டால் கொடுக்கும், கேளாவிட்டால் காத்திருக்கும் கருவி இது. சதுர அங்குலத்துக்குப் பெரும்பாலும் 3 முதல் 6 பவுண்டு அழுத்தமே இதற்குப் போதும்.

அரை நூற்றாண்டுக்கு மேல் பிக்கப் வண்டிகள் இந்தப் பம்ப்பை நம்பி ஓடின. அது வயோதிகம் அடையும்போது மூன்று விதமாகத் தளர்கிறது. டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகும். அல்லது எஞ்சினுக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் அளக்கும் குச்சியில் பெட்ரோல் வாடை வீசினாலோ, ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயர்ந்தாலோ வண்டியை ஓட்டக்கூடாது. நீர்த்த எண்ணெய் எஞ்சினைத் தேய்த்துவிடும். இரண்டாவது, வால்வுகளில் தூசி சேர்ந்து பெட்ரோல் திரும்பி ஓடுதல். மூன்றாவது, நெம்புகோலும் அதைத் தள்ளும் கம்பியும் தேய்ந்து, டயாபிரம் அசையும் தூரம் குறைதல். மூன்றாவது வகையில் புதிய பம்ப்பை மாட்டினாலும் கம்பி பழையதாயிருந்தால் பயன் இராது.

பம்ப்பு வந்ததோடு வேறொரு தொல்லையும் வந்தது. எடையால் இறங்கிய பெட்ரோல் தள்ளப்பட்டது. பம்ப்பு முன்னால் வந்தபின் அது இழுக்கப்பட்டது. இழுக்கப்படும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் திரவம் சீக்கிரம் கொதிக்கும். மலைநாட்டில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் வீடுகளில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். அங்கே நீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. 1932-ல் வந்த போர்டு வி-8 எஞ்சினின் பம்ப்பு எஞ்சினின் உச்சியில் இருந்தது. சூடான புகை வெளியேறும் வழிகளும் எஞ்சின் உடலினூடே சென்றன. கோடைக்காலத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாயிற்று. பம்ப்பு ஆவியைப் பிசைந்துகொண்டிருந்தது, பெட்ரோல் வரவில்லை. ஆங்கிலத்தில் 'வேப்பர் லாக்' எனப்படும் இதனை நாம் ஆவியடைப்பு எனலாம். 1948-ல் தொடங்கிய போர்டு 'எப்' வரிசைப் பிக்கப்புகளும் ஆரம்ப ஆண்டுகளில் இவ்வகை வி-8 எஞ்சினைக் கொண்டிருந்தன.

இதற்கு அமெரிக்கர்கள் கண்ட நாட்டு வைத்தியம், துணி உலர்த்தும் மரக்கவ்விகளைக் குழாய் நெடுக மாட்டி வைப்பது. மரம் வெப்பத்தை எளிதில் வாங்கிக் கடத்தும் பொருளன்று. ஆகவே கவ்விகளைவிட, அவற்றை மாட்ட வண்டியை நிறுத்திய நேரமே குணமளித்திருக்கக்கூடும். மெய்யான பரிகாரங்கள் வேறு: பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருத்தல், குழாயைச் சூடான பாகத்திலிருந்து விலக்குதல், எஞ்சினுக்கு வேண்டாத பெட்ரோல் தொட்டிக்கே திரும்பத் தனிக்குழாய் அமைத்தல்.

இழுக்கப்படும் குழாய்க்கு இன்னொரு வஞ்சகமும் உண்டு. பம்ப்புக்கு அப்பால் குழாயில் வெடிப்பு ஏற்பட்டால் பெட்ரோல் சொட்டும், கண்ணுக்குத் தெரியும். பம்ப்புக்கு இப்பால், தொட்டிப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு ஏற்பட்டாலோ, ஒரு சொட்டும் வெளியே வராமல் காற்று உள்ளே புகுந்துவிடலாம். பார்ப்பதற்கு எல்லாம் உலர்ந்து சரியாயிருக்கும். வண்டி மட்டும் ஓடாது. பழைய ரப்பர்க் குழாய்த் துண்டுகளில் இது மிகச் சாதாரணம்.

இந்திய நாட்டுக்கு இத்தகைய வண்டிகள் வந்த கதையும் இங்கே நினைக்கத்தக்கது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் அக்காலத்துப் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் கனடாவில் செய்யப்பட்ட போர்டு, செவ்ரோலே லாரிகளை இந்தியப் படைகள் உபயோகித்தன. வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா கம்பெனி 1940-களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் இங்கே கதவடைத்துச் சென்றன. அவர்கள் விற்ற வண்டிகளோ தங்கிவிட்டன. வால்வையும் டயாபிரத்தையும் பிரித்துப் பார்த்துக் குறையறியும் திறமைக்கு அந்நாளில் இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

பம்ப்பை முன்னாலிருந்து பின்னால், தொட்டிக்குள்ளேயே வைத்து, இழுப்பதற்குப் பதில் தள்ளுவதே ஆவியடைப்புக்கு முழுப் பரிகாரம். மின்சாரப் பம்ப்பும், பெட்ரோலை ஊசிக்குழல் வழியே பீய்ச்சும் முறையும் பரவியபோது அது கைகூடிற்று. 1967-ல் பாஷ் கம்பெனியின் மின்னணு முறை வோல்க்ஸ்வாகன் காரில் வந்தது. 1985-ல் போர்டு எப்-150 பிக்கப்பின் வி-8 எஞ்சின் ஒன்றில் அத்தகைய முறை இடம்பெற்றது. 3 பவுண்டு அழுத்தம் 35, 40 பவுண்டாக உயர்ந்தது. பழுதின் இடமும் மாறியது: பியூஸ், ரிலே, கம்பி இணைப்பு இவையெல்லாம் பெட்ரோல் வழியின் உறுப்புகளாகிவிட்டன. சாவியைத் திருப்பியதும் தொட்டிப் பக்கம் ஓரிரு விநாடி முனகல் ஓசை கேட்க வேண்டும். கேளாவிட்டால் மின்சாரத்தைச் சோதிக்க வேண்டும். அவ்வண்டிகளில் மோதலின்போது பம்ப்பை நிறுத்தும் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் பயணியின் காலடிப் பக்கத்தில் உண்டு. பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியாலும் அது துண்டித்துக்கொள்ளலாம்; பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். இரட்டைத் தொட்டியுள்ள வண்டியில் தொட்டி மாற்றும் வால்வு சிக்கிக்கொண்டாலும் பம்ப்பு கெட்டதுபோலவே தோன்றும்.

ஆக, எடையால் இறங்கிய காலம், உறிஞ்சிய காலம், இழுத்த காலம், தள்ளிய காலம் என இந்தச் சரித்திரம் நான்கு பகுதியாகிறது. நம் முன் நிற்கும் வண்டி எக்காலத்தைச் சேர்ந்தது என்று முதலில் அறிய வேண்டும். பிறகு வழி தொடங்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டும். முள் பொய் சொல்லும். குச்சி விட்டுப் பாருங்கள். மூடியைத் தளர்த்திப் பாருங்கள். வடிகட்டியில் துருவும் நீரும் உண்டா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டியானால் எஞ்சினை நிறுத்தி, காற்றுவடிகட்டியை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டர்க் கம்பியை அசைத்துக்கொண்டே உள்ளே நோக்குங்கள்; பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பாய்ந்தால் கிண்ணம்வரை வழி திறந்திருக்கிறது. பாயாவிட்டால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, மின்பொறியைத் துண்டித்து, ஒரு பாத்திரத்தில் பிடித்து எஞ்சினைச் சுழற்றிப் பாருங்கள். விட்டுவிட்டுத் திடமாகப் பீய்ச்சினால் பம்ப்பு நலம். திடீரென்று விளக்கணைந்தாற்போல் நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் மின்பொறிக் கோளாறு. இருமித் தடுமாறி நிற்கும் வண்டிக்குப் பெரும்பாலும் எரிபொருட் கோளாறு.

இத்தேட்டத்தில் உயிருக்கே ஆபத்தான பழக்கங்கள் மூன்று உள்ளன. கார்புரேட்டரின் வாயில் கையால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே எஞ்சினைக் கிளப்புதல் முதலாவது. எஞ்சின் எதிர்த்து வெடித்தால் கையிலுள்ள பாத்திரமே தீப்பற்றும். குழாயை வாயில் வைத்து உறிஞ்சுதல் இரண்டாவது. சிறிதளவு பெட்ரோல் நுரையீரலில் இறங்கினாலும் உயிருக்கு மோசம். பீய்ச்சும் முறை வண்டியில் அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றுதல் மூன்றாவது. பீடியும் விளக்கும் அருகே இருக்கலாகாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சரித்திரம் இத்துடன் முடிந்துவிடவில்லை. 2023 பிப்ரவரி முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, படிப்படியாகப் பரவியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பல காலமாகத் தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பும். பழைய ரப்பர், தக்கை உறுப்புகளை உப்பவும் உளுக்கவும் செய்யும். பழைய வண்டி வைத்திருப்போர் குழாய்த் துண்டுகளையும் டயாபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிக்கொள்வதும், வடிகட்டியை அடிக்கடி பார்ப்பதும், நீண்ட நாள் ஓடாத வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதிருப்பதும் நலம்.

பழைய பிக்கப் வண்டியை வைத்திருப்பவர் பொழுதுபோக்குக்காகவே வைத்திருக்கிறார் என்று கருதலாகாது. பால் கொண்டுபோகிறவர், காய்கறி ஏற்றுகிறவர், சாமான் இறக்கிக் குடும்பம் நடத்துகிறவர் என்று பலரின் அன்றாடக் கூலி அதன் சக்கரத்தில் சுழல்கிறது. ஐந்து நிமிஷத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டிய பழுதுக்குப் புதுப் பம்ப்பும் புதுக் கார்புரேட்டரும் வாங்கச் சொல்வது அவருடைய ஒரு மாத வருமானத்தைப் பறிப்பதாகும். வெளிமாநிலத்தில் பட்டறை வைத்திருக்கும் நம்மவர், தம்மிடம் வேலை பழகும் இளைஞருக்கு உறுப்புகளின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும்போதே, ஒவ்வோர் உறுப்பும் எந்தக் குறையைத் தீர்க்க வந்தது என்பதையும் சொல்லிக்கொடுப்பார்களாக. அதைக் கற்ற இளைஞன் வண்டியை நம்பி வந்தவரின் பணத்தையும் பொழுதையும் காப்பாற்றுவான்.